திரும்பி வருபவர் கணக்கு

ரண சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, நோயாளியை வீட்டுக்கு அனுப்பியவுடன் ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் ஒரு வரி பூர்த்தியாகிவிடுகிறது. நோயாளியின் வீட்டிலோ அன்றைக்குத்தான் காரியம் ஆரம்பமாகிறது. எலும்பில் புற்றுநோய் கண்டு ரண சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்களில் சிலர், ஒரு நாள் ஜுரத்தோடோ, சீழ் கட்டிய காயத்தோடோ, மூச்சுத் திணறலோடோ மறுபடியும் ஆஸ்பத்திரிப் படி ஏற நேருகிறது. குறித்த தவணைக்கு வருவது வேறு. இப்படிக் குறியாத நாளில் வந்து விழுவது வேறு. இந்த இரண்டாவது வருகையைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். எதிர்பாராதது என்று ஆஸ்பத்திரிகள் சொல்லும் இவ்வருகையில் பெரும் பகுதி எதிர்பார்க்கக் கூடியதே என்பது நம் அபிப்பிராயம். எதிர்பார்த்தும் அதற்கு ஏற்பாடு செய்யாமலிருப்பதே தவறு. அந்தத் தவறின் பாரம் முழுவதும் தூரத்து ஜில்லாக்காரன் தலையில் விழுகிறது.

தூரத்து ஜில்லாவுக்கு உதாரணமாகத் தர்மபுரியை எடுத்துக்கொள்வோம். 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாள் முதல், ‘பின்தங்கிய ஜில்லா’ என்ற அடைமொழி அதை விட்டபாடில்லை. 2004-இல் கிருஷ்ணகிரி தனியே பிரிந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரும் அதோடு போயிற்று. மிஞ்சியவை கேழ்வரகும் புளியும் மாம்பழமும் விளையும் நிலங்களும், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களும், வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் வாலிபர்களுமே. 2008-இல் தர்மபுரி நகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது பெரிய லாபம். அதைக் குறைத்துப் பேசமாட்டோம். ஆயினும் புற்று அரித்த எலும்பை அகற்றி, அந்த இடத்தில் உலோக எலும்பு பொருத்தும் நுட்பமான சிகிச்சைக்கு ஜனங்கள் நாடிப் போவது சென்னை, வேலூர், பெங்களூர் போன்ற நகரங்களையே. தர்மபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர்; சென்னையோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இந்த 300 என்னும் இலக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்லப்போகும் சங்கடங்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

நோயைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். எலும்பில் தோன்றும் புற்று பல வகை. அவற்றில் முக்கியமானது ஆஸ்டியோசார்கோமா. இது பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில், பிள்ளைகள் மளமளவென்று வளரும் பருவத்தில் வருகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்முனை, தோளை ஒட்டிய கை எலும்பு ஆகிய இடங்களிலேயே அதிகம். முதலில் வலி, இரவில் கூடுதலாக இருக்கும், பிறகு வீக்கம். கபடி ஆடும் பையன் முழங்கால் வலிக்கிறது என்றால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? எங்கேயோ விழுந்திருக்கிறான், சுளுக்கு என்பார்கள். தர்மபுரியிலோ எலும்பு வலியும் மூட்டு வலியும் யாருக்கும் புதிதல்ல. நிலத்தடி நீரிலுள்ள ப்ளோரைடு தலைமுறை தலைமுறையாக அங்குள்ளவர்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்து வந்திருக்கிறது. அதற்குப் பரிகாரமாகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ப்ளோரைடினால் புற்றுநோய் வருகிறது என்று நாம் சொல்லவில்லை. அதற்குத் திடமான ருஜு இல்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய ஜில்லாவில் ஒரு பையனுடைய முழங்கால் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதே நம் பேச்சு.

எண்ணெய் போட்டு நீவுவார்கள். சிலர் எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஆந்திர நாட்டுப் புத்தூர் வரையில் போய் வருவார்கள். முறிந்த எலும்பைக் கட்டும் நாட்டுக் கலையை நாம் இகழவில்லை. ஆனால் புற்று வளரும் எலும்பை நீவினால் தீமையே விளையும்; போகும் வாரங்களும் திரும்பி வரா. ஓர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் பல சமயங்களில் சந்தேகம் கிளம்பிவிடும். சந்தேகம் கிளம்பிய பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டுமே, அதை எடுக்கும் இடமும் வழியும் தப்பினால் பின்னால் காப்பாற்றக் கூடிய காலையும் இழக்க நேரிடலாம். ஆகவே எவர் ரண சிகிச்சை செய்யப்போகிறாரோ அவரிடமே துணுக்கு எடுப்பதையும் விடுவதுதான் நல்லது என்று இத்துறை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன்னே இந்நோய்க்குக் காலை வெட்டி எறிவதே சிகிச்சை. வெட்டிய பிறகும் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாயிருந்தது. ஏனெனில் கண்ணுக்குப் புலப்படாதபடி நோய் முன்னமே நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 1970-களில் கீமோ மருந்துகள் வந்த பின் நிலைமை மாறிற்று. வேறிடம் பரவாத நிலையில் பிடிபட்டு, முழுச் சிகிச்சையும் பெறுகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது மேல்நாட்டு அனுபவம். முதலில் சில வாரங்கள் மருந்து ஏற்றுவார்கள்; பின்பு ரண சிகிச்சை; காயம் ஆறத் தொடங்கியதும் மறுபடி மருந்து. எல்லாம் முடிய ஏழெட்டு மாதங்கள் ஆகும். காலையும் பெரும்பாலோருக்கு வெட்ட வேண்டியதில்லை. கெட்ட எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, அளவெடுத்துச் செய்த உலோக எலும்பையும் கீல் மூட்டையும் பொருத்திவிடுகிறார்கள்.

இங்கே தமிழ்நாடு பெருமைப்பட இடமுண்டு. அன்னிய நாட்டில் செய்த உலோக எலும்புக்குக் கொடுக்க வேண்டிய விலை, ஏழைக் குடும்பம் கனவிலும் காணாத தொகை. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், இந்நாட்டிலேயே அளவெடுத்துச் செய்த உலோக எலும்புகளைப் பொருத்தும் சிகிச்சையை வளர்த்து, சாமானிய ஜனங்களுக்கும் எட்டும்படி செய்தார். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுதேசி என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பொருள் வேண்டுமா? ஒரு கிராமத்துப் பிள்ளையின் உடலுக்குள் இந்நாட்டுக் கைத்திறன் எலும்பாக நின்று அவனை நடக்கவைக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மத்திய சர்க்காரின் 2018-ஆம் வருஷத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைக்கு இடம் தருகிறது. இவையெல்லாம் உண்மை. இத்தனையும் செய்துவிட்டு, கடைசிப் படியில் நோயாளியின் கையை விட்டுவிடுகிறோமே என்பதுதான் நம் மனக்குறை.

பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பையனை மனத்தில் வைத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான், இந்த ஜில்லாவில் பொதுவேலை செய்யும் நண்பர்களுக்கு இவனை அடையாளம் தெரியும். வயது பதினாறு. சென்னையில் ரண சிகிச்சை ஆயிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடி கீமோ மருந்து ஏற்றி, அடுத்த தவணைக்குத் தேதி குறித்து, ஊருக்கு அனுப்பினார்கள். தகப்பனார் பெங்களூரில் கட்டட வேலை. இரண்டு மாதமாகக் கூலி இல்லை. இப்போதுதான் திரும்பிப் போயிருக்கிறார். வீட்டில் தாயாரும் பாட்டியும். மருந்து ஏற்றிய பத்தாம் நாள் மாலை பையனுக்கு உடம்பு சுடுகிறது.

இந்தப் பத்தாம் நாள் தற்செயலாய் வந்ததன்று. கீமோ மருந்து புற்றணுக்களை அழிக்கும்போது, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அவை மிகவும் கீழே இறங்கியிருக்கும் என்பது வைத்தியர் அனைவரும் அறிந்தது. கிருமிகளை எதிர்க்கும் படை கலைந்து கிடக்கும் காலம் அது. அப்போது 100.4 டிகிரிக்கு மேல் ஜுரம் கண்டால், நோயாளி ஆஸ்பத்திரியை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்து ஏற ஆரம்பிக்க வேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட விதி. காலை வரையில் பார்க்கலாம் என்று காத்திருந்தால், காலையில் பார்ப்பதற்குப் பையன் இல்லாமலும் போகலாம். இது மிகையன்று.

தாயார் என்ன செய்கிறாள்? கடையில் பாரஸிடமால் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறாள். ஜுரம் இறங்கியது போலத் தோன்றுகிறது, கிருமி இறங்கவில்லை. மறுநாள் பக்கத்து ஊரில் ஊசி போடுபவரிடம் கூட்டிப் போகிறாள். அவர் ஓர் ஊசி போட்டு, காலிலுள்ள நீண்ட தழும்பைப் பார்த்துவிட்டு, “இது நம்மால் ஆகாது அம்மா, ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே போங்கள்” என்கிறார். ஆபரேஷன் பண்ணின இடம் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வழியில் தர்மபுரியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அங்கே போகலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொந்த ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டிக்கொண்டு, சுடுகிற உடம்போடு, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிறார்கள். போய்ச் சேர்ந்ததும், ஏன் இவ்வளவு தாமதம் என்று அங்கே கோபித்துக்கொள்கிறார்கள்!

பையனிடம் கடுதாசி இல்லாமலில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த காகிதம் அவன் பையில் பத்திரமாக இருக்கிறது. நோயின் பெயர், மருந்தின் அளவு, ரண சிகிச்சை விவரம் எல்லாம் அதில் உண்டு. அவ்வளவும் இங்கிலீஷில். வைத்தியர் வைத்தியருக்கு எழுதிய காகிதம் அது. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. தாயாருக்கு எழுதிய காகிதம் எங்கே? ஜுரம் கண்டால் உடனே எங்கே போகவேண்டும், இரவு எந்த டெலிபோனில் யாரைக் கூப்பிட வேண்டும், போன இடத்தில் வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில், அரைப் பக்கம் எழுதிக் கொடுக்க எத்தனை ரூபாய் செலவாகும்? சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், தமிழ்த் தாய் ஒருத்தி தன் மகனுடைய உயிரைப் பற்றிய காகிதத்தைப் படிக்கத் தெருவில் யாரையாவது தேட வேண்டியிருக்கிறது என்பது வெட்கக்கேடு.

ஜுரம் ஒன்றே காரணம் என்று எண்ணவேண்டாம். வாந்தியும் பேதியும் உடம்பின் நீரை வற்றச் செய்து ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும். நெடுநாள் படுத்த காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறி உயிருக்கு ஆபத்தாகும். தடி ஊன்றி நடந்து பழகுமுன் மண் தரையில் வழுக்கி விழுவது ஒன்று. வருஷங்கள் கழித்து உலோக எலும்பே தளர்ந்தோ உடைந்தோ போவது ஒன்று. எல்லாவற்றிலும் பொல்லாதது, உலோக எலும்பைச் சுற்றிக் கிருமி குடியேறுவது. உயிருள்ள எலும்பானால் இரத்தம் ஓடும். மருந்து போய்ச் சேரும். உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்ட கிருமியை மருந்து எளிதில் எட்டுவதில்லை. மறுபடி கத்தி வைக்க வேண்டும். சிலருக்கு எந்தக் காலைக் காப்பாற்றினோமோ அந்தக் காலையே கடைசியில் எடுக்க நேரிடும். இது அஜாக்கிரதையான ஆஸ்பத்திரிகளில் மட்டும் நடப்பது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 12 நாடுகளில் 48 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, காலில் இவ்வித உலோக எலும்பு பொருத்தப்பட்ட 604 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2022-இல் வெளியாயிற்று. ரண சிகிச்சைக்குப் பின் கிருமிக்கொல்லியை ஒரு நாள் கொடுப்பதா, ஐந்து நாள் கொடுப்பதா என்பது கேள்வி. ஐந்து நாள் கொடுத்தவர்களில் 100-க்கு 15 பேருக்கும், ஒரு நாள் கொடுத்தவர்களில் 100-க்கு 16.7 பேருக்கும் ஒரு வருஷத்துக்குள் காயத்தில் கிருமி கண்டது. வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று என்று முடிவு கூறினார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு: தேர்ந்த வைத்தியர்கள், திட்டமிட்டுக் கண்காணித்த இடங்களிலேயே ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு இது வருகிறது. இப்படி வருவதை ‘எதிர்பாராதது’ என்று சொல்லலாமா?

நோயே திரும்பி வருவதும் உண்டு. கானடா தேசத்து டெர்ரி பாக்ஸ் என்ற வாலிபனுக்கு 1977-இல் பதினெட்டாம் வயதில் இந்நோய்க்காக வலது காலை எடுத்தார்கள். 1980-இல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத் தேசத்தின் குறுக்கே ஓடப் புறப்பட்டான். 143 நாட்கள் ஓடி, 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்தபின், செப்டம்பர் 1-ந் தேதி மூச்சு முட்டி, மார்பு வலித்து நின்றான். நோய் நுரையீரலில் வந்திருந்தது. அடுத்த வருஷம் ஜூன் 28-ந் தேதி இறந்தான். இருமலும் மார்பு வலியும் இந்த நோயாளிக்கு வந்தால் அவை சாதாரணச் சளி அல்ல என்பதைக் குடும்பத்தாருக்கு முன்னாலேயே சொல்லி வைக்கவேண்டும். நுரையீரலில் வந்த கட்டியையும் காலத்தில் கண்டால் எடுக்க முடிகிறது. எடுத்தபின் நீண்ட நாள் வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

தர்மபுரி மண்ணில் நோயாளியின் பிரயாணம் என்றதும் சுப்பிரமணிய சிவாவின் நினைவு வராமற் போகாது. சிறையில் தொழுநோய் பற்றிய அந்தத் தேசபக்தரை ரயிலில் ஏறக் கூடாது என்று அன்னிய சர்க்கார் தடுத்தது. அவர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். கடைசியில் இந்த ஜில்லாவிலுள்ள பாப்பாரப்பட்டிக்கு வந்து, 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி உயிர் நீத்தார். இன்று ரயிலில் அத்தகைய தடை கிடையாது. புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்குப் போய்வர ரயில் கட்டணச் சலுகை உண்டு. தூங்கும் வசதி வண்டியில் அவருக்குக் கட்டணமே கிடையாது. நல்ல காரியம். ஆனால் ஜுரம் கண்ட இரவில் ரயிலுக்கு முன்பதிவும் சான்றுக் காகிதமும் யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? சலுகை குறித்த தேதிக்குப் போகிறவருக்கு உதவும்; குறியாத இரவுக்கு உதவாது. மலைக் கிராமங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021-ஆம் வருஷச் சட்டசபைத் தேர்தலின்போது பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வோட்டு யந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். வோட்டு யந்திரம் மேலே ஏற வழி கண்ட சர்க்கார், நோயாளி கீழே இறங்க வழி காணக் கூடாதா?

இனி, கணக்குக்கு வருவோம். எத்தனை ரண சிகிச்சை நடந்தது, இன்ஷூரன்ஸில் எத்தனை கோடி செலவாயிற்று என்ற இலக்கங்களை மந்திரிமார் மேடையில் அடுக்குகிறார்கள். ரண சிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் முப்பது நாளுக்குள், எத்தனை பேர் ஒரு வருஷத்துக்குள் குறியாமல் திரும்பி வந்தார்கள், எக்காரணத்தால் வந்தார்கள் என்று எந்த மேடையிலாவது சொல்லக் கேட்டோமா? எண்ணாத பொருளைச் சீர்திருத்த முடியாது.

அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள். முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு சென்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முப்பது நாளுக்குள் திரும்பி வருகிறார் என்று 2009-இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அடுத்த வருஷமே சட்டம் செய்து, 2012 அக்டோபரிலிருந்து, அளவுக்கு மேல் நோயாளிகள் திரும்பி வரும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் வெட்டு விதித்தார்கள். திரும்பி வருபவர் தொகை குறைந்தது. ஆனால் இருதய நோயாளிகள் விஷயத்தில் வருகை குறைந்த அதே காலத்தில் மரணம் கூடியிருக்கிறது என்று பின்னால் சிலர் எடுத்துக் காட்டினார்கள், அப்படியில்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள், விவாதம் ஓயவில்லை. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்த ஆஸ்பத்திரி, வாசலில் வந்து நிற்பவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும். ஆகவே எண்ண வேண்டும் என்று கேட்கிறோமே தவிர, எண்ணித் தண்டிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி. சென்னையில் வசிக்கும் நோயாளி ஜுரம் வந்தால் ஆட்டோ பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார், கணக்கில் ஏறுவார். அரூர்க்காரர் வர முடியாமல் வீட்டிலேயே கிடப்பார், கணக்கில் ஏறமாட்டார். வெறும் வருகையை மட்டும் எண்ணினால் சென்னை மோசம், தர்மபுரி நலம் என்று தோன்றும்! உண்மை நேர்மாறாக இருக்கலாம். திரும்பி வந்தவன் ஆஸ்பத்திரியின் மேல் நம்பிக்கை வைத்தவன். பஸ்ஸுக்குக் காசு திரட்ட முடிந்தவன். நம் கவலை அதிகம் வராதவனைப் பற்றியது. தையல் பிரித்துப் போனபின் இரண்டாவது கீமோ தவணைக்கே வராமல் போனவன் எத்தனை பேர்? அவனைத் தேடினவர் யார்?

தேடுவது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி, 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்துப் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. நோயாளி என்ன ஆனார் என்று அறியத் தபால் எழுதியும், வீட்டுக்கு ஆள் அனுப்பியும் விசாரித்தார்கள். செல்போன் இல்லாத காலத்தில் தபால் கார்டு கொண்டு செய்ததை, கைக்குக் கை செல்போன் உள்ள இக்காலத்தில் செய்ய முடியாதா? பதிவேடு 2012 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்திருக்கிறது. வீடு தேடிப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது எங்கே? தர்மபுரிக்கு அடுத்த கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளி கிராமத்தில். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் அந்தப் பெண் ஊழியர்கள் படுக்கை நோயாளிகளையும் பார்க்கிறார்கள். அத்திட்டத்தில் உடற்பயிற்சி வைத்தியரும் உண்டு. அவர்கள் கையில் ஒரு தர்மாமீட்டரையும், தங்கள் கிராமத்தில் எலும்புப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று வந்தவர் பெயரையும் கொடுத்து, மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை தினம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.

எலும்புப் புற்று அபூர்வ நோயாயிற்றே, இதற்காக இத்தனை ஏற்பாடா என்று சிலர் கேட்கக்கூடும். அபூர்வம் என்பது வாஸ்தவம். எல்லாப் புற்றுநோய்களிலும் எலும்பில் தொடங்குவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் செய்வது சுலபம் என்கிறோம். ஆயிரக்கணக்கானவர்களைத் தேடும்படி நாம் சொல்லவில்லை. ஒரு ஜில்லாவுக்கு ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் போதும்; ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இவ்வளவு சிலரைக்கூடக் கவனிக்க முடியவில்லை என்று சொல்ல எந்தச் சர்க்காருக்கு வாய் வரும்? அந்தச் சிலரோ பத்திலிருந்து இருபது வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பிழைத்தால் இன்னும் ஐம்பது வருஷம் வாழவேண்டியவர்கள்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி தர்மபுரி சர்க்கார் ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க வேண்டும். பெரிய ரண சிகிச்சை சென்னையில் நடக்கட்டும். ஜுரத்துக்கு முதல் மருந்து தர்மபுரியில் ஏறட்டும். கீமோ பெற்றவன் ஜுரத்தோடு வந்தால் சீட்டு எழுதும் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போக வேண்டும் என்று எழுத்து மூலமான உத்தரவு அங்கே வேண்டும். எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்பதைச் சென்னை வைத்தியர்கள் முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும். இரவு வேலையிலிருக்கும் இளம் வைத்தியர் சந்தேகம் கேட்க, சென்னையில் டெலிபோனை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். காயத்தில் சீழ் கண்டால் மட்டும் அங்கேயே கீறிப் பார்க்காமல், 108 வண்டியில் மேலே அனுப்ப வேண்டும். உலோக எலும்பு உள்ள காலில் அவசரக் கத்தி வைப்பதால் வரும் கேட்டைப் பின்னால் திருத்துவது கடினம். நோயாளி சென்னையை விட்டுப் புறப்படும் நாளிலேயே அவர் பெயரும் மருந்து ஏற்றிய தேதியும் தர்மபுரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்புபவர் விஷயத்தில் இரண்டு மாகாண சர்க்கார்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். காவிரித் தண்ணீரைப்போல இதில் ஒருவர் தந்தால் மற்றவருக்குக் குறைந்துபோவது ஏதுமில்லை.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். மத்திய சர்க்கார் திட்டத்தில் ஆஸ்பத்திரியை விட்டுப் போன பின் 15 நாள் வரையிலான மருந்துச் செலவு சேர்க்கப்பட்டிருக்கிறது. எலும்புப் புற்று சிகிச்சையோ ஏழெட்டு மாதம். உலோக எலும்போ ஆயுள் பரியந்தம். பதினாறாம் நாள் ஜுரம் வந்தால் அது புதிய நோயா? ரண சிகிச்சைக்கு ஒரு தொகை என்று நிர்ணயிக்கும்போதே, அதன் பின்விளைவாகத் திரும்பி வரும் செலவையும் ஒரு வருஷத்துக்காவது அதே சிகிச்சையின் பகுதியாகச் சேர்த்துவிட வேண்டும். துணைக்கு வரும் தாய் தகப்பனின் பஸ் செலவுக்கும் அற்பத் தொகை ஒன்று ஒதுக்கலாம். உலோக எலும்புக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது தூசுக்குச் சமானம். அந்தத் தூசு இல்லாமையால் சில சமயம் எலும்பும் வீணாகிறது, பையனும் வீணாகிறான்.

தர்மபுரி ஜில்லாவிலிருந்து சட்டசபைக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள் எக்கட்சியினராயினும், அடுத்த கூட்டத்தில் சுகாதார மந்திரியிடம் ஒரு கேள்வி போடும்படி கேட்டுக்கொள்கிறோம். சென்ற ஐந்து வருஷங்களில் இந்த ஜில்லாவிலிருந்து இன்ஷூரன்ஸ் திட்டத்தில் எலும்புப் புற்றுக்கு ரண சிகிச்சை செய்துகொண்டவர் எத்தனை பேர். அவர்களில் குறியாமல் திரும்பி வந்தவர் எத்தனை பேர், எதனால். தவணைக்கு வராமலே நின்றவர் எத்தனை பேர், அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பதில் கிடைத்த நாளில் அதை ஊர், தாலுகா விவரத்தோடு நாம் இப்பக்கத்தில் வெளியிடுவோம். நோயாளிகளின் பெயரை மட்டும் விட்டுவிடுவோம்.